நிமோனியா: ஆன்டிபயாட்டிக் மட்டும் போதுமா, ஸ்டீராய்டும் சேர்க்க வேண்டுமா?

ஐப்பசி அடைமழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். மன்னார்குடியில் உள்ள என் சிறிய மருத்துவமனைக்கு, திருத்துறைப்பூண்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்திலிருந்து 58 வயது அம்மா ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நடவு வேலைக்குப் போகிறவர். கால் விரல் இடுக்குகளில் சேற்றுப்புண், அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்தது. நாலு நாளாகக் காய்ச்சல், வலது விலாவில் குத்தல், துரு நிறத்தில் சளி. நிமிடத்துக்கு 34 முறை மூச்சு வாங்கினார். விரலில் மாட்டிய கருவி 86 காட்டியது. மாஸ்க் வழியாக 10 லிட்டர் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் 92க்கு ஏறியது.

ரத்தம் எடுத்து, முதல் ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருக்கும்போது, "கூடவே ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டு தஞ்சாவூருக்கு அனுப்பப் போறேன்" என்று மகனிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஸ்டீராய்டா டாக்டரம்மா? அம்மாவுக்கு சுகர் இருக்குங்க. கொரோனா சமயத்துல எங்க பெரியப்பாவுக்கு அதைப் போட்டுத்தான் கண்ணு போச்சு."

அதே வாரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் நிமோனியா. எக்ஸ்ரேயில் இடது பக்கம் அடியில் வெள்ளைத் திட்டு நன்றாகவே தெரிந்தது. ஆனால் காய்ச்சல் 101, ஆக்சிஜன் 96, காலையில் மூன்று இட்லி சாப்பிட்டிருக்கிறார். அவருடைய மருமகன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். "இப்பல்லாம் நிமோனியாவுக்கு ஸ்டீராய்டு சேர்த்துக் குடுத்தா உயிர் பிழைக்கிறாங்கன்னு படிச்சேன் மேடம். மாமாவுக்கு ஏன் போடல?"

மகன் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது, மருமகன் படித்ததும் பொய்யில்லை. ஆனால் அவரவர் நோயாளிக்கு எது சரி என்பதில் இருவருமே தவறு. இந்த முடிவை எப்படி எடுக்கிறோம் என்பதை டெல்டாவில் இருக்கும் குடும்பங்களுக்கு விளக்கமாகச் சொல்லத் தோன்றியது. மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் ஏதாவது ஒரு வீட்டில் இந்தக் கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது.

ஸ்டீராய்டு கிருமியைக் கொல்லாது

முதலில் இது தெளிவாக வேண்டும். பாக்டீரியா நிமோனியாவில் கிருமியைக் கொல்வது ஆன்டிபயாட்டிக் மட்டுமே. கிருமியால் வந்த எந்த நிமோனியாவையும் ஸ்டீராய்டு தனியாகக் குணப்படுத்தாது. கிருமியை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டையின் வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை.

நுரையீரலின் காற்றறைகள் மிக மெல்லிய சுவர் கொண்டவை. நிமோகாக்கஸ் போன்ற கிருமி உள்ளே பெருகும்போது வெள்ளை அணுக்கள் அங்கே குவிகின்றன, அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் கொட்டுகின்றன. அளவோடு இருந்தால் அதுதான் நம்மைக் காப்பாற்றும். அளவு மீறினால் ரத்தக் குழாய்ச் சுவர்கள் கசிந்து, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிறைகிறது. வடிகால் அடைத்த வயலில் பயிர் மூச்சு முட்டி அழுகுவதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொன்றாலும், செத்த கிருமியின் துண்டுகளே இன்னும் சில நாள் அழற்சியை மூட்டிக்கொண்டிருக்கும். "மருந்து போட்டும் ஏன் மூச்சு திணறல் கூடுது?" என்று உறவினர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கடுமையான நோயில் உடம்பே சுரக்கும் கார்ட்டிசால் தேவைக்குப் போதாமல் போவதும் உண்டு. அந்த இடத்தில்தான் ஸ்டீராய்டுக்கு வேலை.

அதே குணம்தான் ஆபத்தும். சண்டையைத் தணிக்கும் மருந்து, சண்டை தேவைப்படும் இடத்திலும் தணித்துவிடும். சர்க்கரையை ஏற்றும், வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், வயதானவர்களுக்கு ராத்திரியில் புத்தி தடுமாறும், ஒளிந்திருக்கும் வேறு தொற்றுகள் தலைதூக்கும். எனவே லாபம் எவ்வளவு, இந்த விலையைக் கொடுக்கும் அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லேசான, நடுத்தர நிமோனியா: ஆன்டிபயாட்டிக் மட்டும்

நிமோனியா வரும் பெரும்பாலானவர்கள் ஆசிரியரைப் போன்றவர்கள்தான். நோய் எவ்வளவு கடுமை என்று எடைபோட நாங்கள் ஐந்து விஷயம் பார்ப்போம்: குழப்பமாகப் பேசுகிறாரா, ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதா, நிமிடத்துக்கு மூச்சு 30ஐத் தொடுகிறதா, ரத்த அழுத்தம் 90/60க்கு இறங்கிவிட்டதா, வயது 65 ஆகிவிட்டதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். பூஜ்யமோ ஒன்றோ வந்தால் பொதுவாக வீட்டிலேயே மாத்திரையில் குணமாகும். இரண்டு என்றால் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றும் அதற்கு மேலும் கடுமை. ஆக்சிஜன் அளவையும் இதோடு சேர்த்துக்கொள்வேன். அது இந்தக் கணக்கில் இல்லையென்றாலும் கிராமத்தில் கையில் இருக்கும் மிக நல்ல சாட்சி அதுதான். ஆசிரியருக்கு வயதுக்கான ஒரு மதிப்பெண் மட்டுமே.

இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு சேர்த்தால் என்ன கிடைக்கும்? 2015இல் சுவிட்சர்லாந்தில் மருத்துவமனையில் சேர்ந்த 785 பேரிடம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக்கோடு தினம் 50 மி.கி. பிரெட்னிசோன் 7 நாள், மீதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக்கும் வெற்று மாத்திரையும். ஸ்டீராய்டு எடுத்தவர்கள் 3 நாளில் நிலைக்கு வந்தார்கள், மற்றவர்களுக்கு 4.4 நாள் ஆனது. ஏறக்குறைய ஒன்றரை நாள் லாபம். ஆனால் இன்சுலின் போடும் அளவுக்குச் சர்க்கரை ஏறியது ஸ்டீராய்டு பக்கம் 19 சதவீதம், மறுபக்கம் 11 சதவீதம். அதாவது நூறு பேரில் எட்டுப் பேருக்குக் கூடுதலாக இன்சுலின் தேவைப்பட்டது. அதற்கு முன்பு 2010இல் நெதர்லாந்தில் 213 பேரிடம் பிரெட்னிசோலோன் 40 மி.கி. கொடுத்துப் பார்த்ததில் பலனே தெரியவில்லை. முதலில் தேறி, பிறகு மறுபடி மோசமானவர்கள் ஸ்டீராய்டு பக்கம்தான் அதிகம்.

சர்க்கரை நோய் இத்தனை பரவிய நம் ஊரில் ஒன்றரை நாள் சீக்கிரம் தேறுவதற்காக இந்த விலையைக் கொடுக்க எனக்கு மனம் வராது. பெரிய வழிகாட்டுதல்களும் இதில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2019இலும் வேண்டாம் என்றது, 2025இல் மற்ற விஷயங்களை மாற்றிக்கொண்டபோதும் லேசான நோய்க்கு வேண்டாம் என்பதை மாற்றவில்லை. ஆசிரியரின் மருமகனுக்கு இதைத்தான் சொன்னேன். மாமாவுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்கிறதா என்று 48 மணி நேரத்தில் தெரிந்துவிடும், அதுவரை தினம் இரண்டு வேளை ஆக்சிஜன் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஆறாம் நாள் அவரே நடந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

இழுப்பு உள்ளவர்களை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. ஆஸ்துமா இருந்தாலோ, பீடி, அடுப்புப் புகையால் நுரையீரல் கெட்டிருந்தாலோ, நிமோனியாவோடு வீசிங்கும் சேர்ந்து வரும். அவர்களுக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு கொடுப்பது அந்த இழுப்புக்காக. "பக்கத்து பெட்டுக்காரருக்குக் குடுத்தீங்களே" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

கடுமையான நிமோனியா: கணக்கு மாறும் இடம்

2023 வரை இந்தப் பக்கமும் இழுபறிதான். ஸ்பெயினில் 2015இல் 120 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று நம்பிக்கை கொடுத்தது. சிஆர்பி என்ற அழற்சி அளவு 150க்கு மேல் இருந்த கடுமையான நோயாளிகளை மட்டும் எடுத்து மெத்தில்பிரெட்னிசோலோன் 5 நாள் கொடுத்தார்கள். சிகிச்சை தோற்றது 13 சதவீதம், கொடுக்காதவர்களில் 31 சதவீதம். ஆனால் ஆள் கணக்கு சிறியது. 2022இல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 584 பேரிடம் பார்த்தபோது, 60 நாளில் இறந்தவர்கள் 16 சதவீதமும் 18 சதவீதமும். வித்தியாசம் என்று சொல்லும்படி இல்லை.

2023இல் பிரான்ஸிலிருந்து வந்த கேப் காட் ஆய்வுதான் எங்கள் கையை மாற்றியது. 31 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், ஏறக்குறைய 800 பேர். வென்டிலேட்டரிலோ அதிக அளவு ஆக்சிஜனிலோ இருந்தவர்கள், அல்லது வேறு கணக்கில் மிகவும் மோசமாக இருந்தவர்கள். மோசமான 24 மணி நேரத்துக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் தினம் 200 மி.கி., சொட்டாகத் தொடர்ந்து. நான்காம் நாள் பார்த்து, தேறியிருந்தால் குறைத்து 8 நாளில் நிறுத்தம், இல்லையென்றால் 14 நாள். 28ஆம் நாளில் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 6.2 சதவீதம், மறுபக்கம் 11.9 சதவீதம். பதினெட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்புகிறது என்று கணக்கு. ஆரம்பத்தில் வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் குழாய் போடாமல் இருந்தவர்களில் பிறகு குழாய் போட நேர்ந்தது 18 சதவீதம். ஸ்டீராய்டு இல்லாதவர்களில் 29.5 சதவீதம்.

இந்தக் கடைசி எண்தான் என்னை அதிகம் அசைத்தது. நம் பக்கத்தில் வென்டிலேட்டர் படுக்கைக்காக ஒரு குடும்பம் ராத்திரியில் திருவாரூரா, தஞ்சாவூரா, திருச்சியா என்று அலைவதைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பேரில் ஒருவருக்காவது அந்த நிலை வராமல் தடுக்க முடியும் என்றால் அது பெரிய விஷயம்.

படைவீரர் ஆய்வு ஏன் தோற்றது, பிரெஞ்சு ஆய்வு ஏன் ஜெயித்தது? மருந்து வேறு, அது ஒன்று. நேரம் வேறு, இதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். அமெரிக்க ஆய்வில் மருத்துவமனைக்கு வந்து மூன்று, நான்கு நாள் ஆனவர்களையும் சேர்த்தார்கள். மடை உடைந்த முதல் நாள் மண் மூட்டை போடுவதற்கும், நாலாம் நாள் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

எல்லாம் ஒருமுகமாகத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2025இல் வந்த ரீமேப்-கேப் என்ற பன்னாட்டு ஆய்வு, ஹைட்ரோகார்ட்டிசோனை ஏழு நாள் கொடுத்துப் பார்த்து, இறப்பு குறையவில்லை என்றது. ஆனாலும் மொத்த எடை கொடுப்பதன் பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2024இல் கடுமையான பாக்டீரியா நிமோனியாவுக்கு ஸ்டீராய்டை உறுதியாகவே பரிந்துரைத்தது. 2019இல் வேண்டாம் என்ற மார்பு நோய்ச் சங்கமும் 2025இல் கடுமையான நோய்க்குக் கொடுக்கலாம் என்று வந்துவிட்டது. ரத்த அழுத்தம் விழுந்து, மருந்து சொட்டில் நிற்கும் நோயாளிக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் சேர்ப்பது அதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

ஐசியூ இல்லாத ஊரில்

பிரான்ஸின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸ் இரண்டு மூன்று பேரைப் பார்ப்பார். நம் அரசு மருத்துவமனைப் பொது வார்டில் ஒரு ராத்திரி ட்யூட்டி சிஸ்டர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று உள்ளே படுத்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஜெயித்த முறை இங்கே அப்படியே பொருந்துமா என்ற சந்தேகம் எனக்கு நியாயமாகவே இருந்தது. 2025இல் கென்யாவிலிருந்து வந்த ஆய்வு அதற்கு ஒரு பதில். 18 மருத்துவமனைகள், 2,180 நோயாளிகள், பொது வார்டுகள். குறைந்த அளவு ஸ்டீராய்டு 10 நாள். 30 நாளில் இறந்தவர்கள் 22.6 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம்.

லாபம் இருக்கிறது, பிரான்ஸ் அளவுக்கு இல்லை. ஆனால் இந்த எண்களில் நான் பார்ப்பது இன்னொன்று: அங்கே பொது வார்டில் நாலில் ஒருவர் இறந்திருக்கிறார். அவ்வளவு கடுமையான நோயோடு வருகிறவர்களிடம்தான் இந்த லாபம் கிடைத்தது. "வார்டில் படுத்தாலே ஸ்டீராய்டு" என்று இதைப் படிக்கக் கூடாது. மயிலாடுதுறையிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு வார்டில் படுத்திருப்பவருக்கு ஆக்சிஜன் இல்லாமலே 95 நிற்கிறது என்றால் அவர் ஆசிரியரின் கூட்டம். ஆக்சிஜன் இருந்தும் 90ஐத் தாண்டத் தவிக்கிறார் என்றால், ஐசியூ படுக்கை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவர் அந்த அம்மாவின் கூட்டம்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போதும் முதல் டோஸை இங்கேயே போட்டு அனுப்புவது என் வழக்கம். முதலில் ஆன்டிபயாட்டிக், பிறகு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. கடிதத்தில் இரண்டின் நேரத்தையும் எழுதுவேன். ஆம்புலன்ஸ் பிடித்து, வழியில் ஒரு மணி நேரம், அங்கே சீட்டு போட்டு, எக்ஸ்ரே எடுத்து முடிவதற்குள் ராத்திரி போய்விடும்.

எந்த ஸ்டீராய்டு

ஹைட்ரோகார்ட்டிசோன் 200 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 50 மி.கி., மெத்தில்பிரெட்னிசோலோன் 40 மி.கி., டெக்ஸாமெத்தசோன் 7.5 மி.கி. ஆகியவற்றுக்குச் சமம். அளவு சமம் என்பதால் பலனும் சமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உயிர் காப்பாற்றியதற்கான நல்ல சான்று கடுமையான பாக்டீரியா நிமோனியாவில் ஹைட்ரோகார்ட்டிசோனுக்கே இருக்கிறது. உடம்பு தானே சுரப்பதும் அதுதான். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் குணமும் அதற்கு உண்டு. வேகமாக வெளியேறிவிடும், எனவே நிறுத்தினால் விளைவும் சீக்கிரம் விலகும். விலையும் எட்டாத விலை இல்லை. டெக்ஸா நீண்ட நேரம் உடம்பில் நிற்கும். கொரோனாவில் அதற்கு நல்ல சான்று இருந்தது. அது வைரஸ், கதை வேறு.

அந்த மகன் சொன்ன பெரியப்பாவின் கண்ணை நான் தட்டிக்கழிக்கவில்லை. 2021இல் கருப்புப் பூஞ்சையைத் தமிழ்நாடு அரசு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கும் அளவுக்கு வந்தது. டெக்ஸாவுக்கு வழிகாட்டிய ரெகவரி ஆய்வு சொன்னது தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4லிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் 17.8 சதவீதம் இறந்தார்கள், எடுக்காதவர்கள் 14 சதவீதம். அப்படித் தெளிவாகச் சொல்லியிருந்தும், ஆக்சிஜன் 97 இருந்தவர்களுக்கு வீட்டிலேயே வாரக்கணக்கில், இரண்டு மடங்கு மூன்று மடங்காக, சர்க்கரையே பார்க்காமல் கொடுத்தார்கள். கண்ணைப் பறித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மகனிடம் இதைச் சொன்னேன். "அப்ப எத்தனை நாளுன்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா" என்றார். மிகச் சரியான கேள்வி.

நம் மண்ணுக்கென்று சில எச்சரிக்கைகள்

வெளிநாட்டு ஆய்வுகளில் இல்லாத சில விஷயங்கள் டெல்டாவில் இருக்கின்றன. ஸ்டீராய்டு எடுப்பதா வேண்டாமா என்பதைவிட, எடுக்கும் முன் இவற்றைப் பார்த்தோமா என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

முதலாவது காசநோய். உலகில் உள்ள காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். மேல் நுரையீரலில் திட்டு, வாரக்கணக்கில் இருமல், எடை குறைவு, மாலைக் காய்ச்சல் என்றால் அது நாலு நாள் நிமோனியா இல்லை. ஸ்டீராய்டு போட்டால் காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, நோயாளி தேறியது மாதிரியே இருப்பார். உள்ளே நோய் பரவும். அரசு மருத்துவமனையில் சளியை ட்ரூநாட் அல்லது சிபிநாட் சோதனைக்கு இலவசமாகக் கொடுக்கலாம். கூடவே இன்னொன்று: லீவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் காசநோயைப் பாதி அடக்கி மறைத்துவிடும். ஸ்டீராய்டும் அதுவும் சேர்ந்தால் நோயைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகலாம்.

இரண்டாவது, சேற்றுப்புண்ணோடு வந்த அந்தக் கால்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவர்களின் தோல் வழியாக ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நுண்புழு உள்ளே போகும். குடலில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் அது கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல், ரத்தம் என்று பரவி, கூடவே குடல் கிருமிகளையும் இழுத்துக்கொண்டு போய் உயிரை எடுத்துவிடும். வயல் வேலை செய்பவருக்கு ஸ்டீராய்டு தொடங்கினால் ஐவர்மெக்டின் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். வழக்கமான பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் இதற்கு அவ்வளவு கேட்காது.

மூன்றாவது, எல்லா நிமோனியாவும் ஒரே கிருமி இல்லை. மழைக்காலத்தில் நெல்வயல் மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி, சர்க்கரை நோயாளிகளைக் குறிவைத்து நிமோனியாவாக வரும். வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் அதற்குப் போதாது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் வேண்டும், அதன் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் நுரையீரலைத் தாக்கும். உண்ணிக் காய்ச்சல் டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுத்தால்தான் அடங்கும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று ஆடை விலக்கிப் பார்க்க வேண்டும். சரியான ஆன்டிபயாட்டிக் இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் வேலை செய்யும் நோயாளியைவிட ஆபத்தான நிலையில் யாரும் இல்லை. ஃப்ளூ காய்ச்சலால் வந்த நிமோனியா என்றால் ஸ்டீராய்டு பக்கமே போகக் கூடாது. அதில் கொடுத்தவர்களிடம் இறப்பு அதிகமாகத் தெரிந்திருக்கிறது. பிரெஞ்சு ஆய்விலும் ஃப்ளூ நோயாளிகளைச் சேர்க்கவில்லை.

கடைசியாக சர்க்கரை. சர்க்கரை நோய் இருப்பதாலேயே ஸ்டீராய்டு கூடாது என்று இல்லை. மூச்சு போகும் ஆபத்துக்கும் சர்க்கரை ஏறும் ஆபத்துக்கும் இடையில், இன்சுலினால் சமாளிக்க முடிந்தது இரண்டாவதுதான். ஆனால் எப்போது பார்ப்பது என்பதில் தவறு நடக்கிறது. காலையில் பிரெட்னிசோலோன் மாத்திரை எடுப்பவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 110 என்று அழகாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 350 இருக்கும். காலையில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்தியாகி விடுகிறார்கள். மதியம் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்தும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னும் பார்க்க வேண்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் சொட்டில் இருப்பவருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை.

"ஒரே ஊசில ஜுரம் விட்டுச்சு"

மேலே சொன்ன எந்தத் தேர்விலும் சேராத இன்னொன்று ஊரில் நடந்துகொண்டிருக்கிறது. யாரும் அதை ஸ்டீராய்டு என்று சொல்வதில்லை. காய்ச்சலுக்கு ஒரு ஊசி, கூடவே காகிதப் பொட்டலத்தில் மூன்று நாலு மாத்திரை, அதில் ஒன்று மிகச் சின்னதாக இருக்கும். அந்தச் சின்ன மாத்திரை டெக்ஸாவாகவோ பெட்டாமெத்தசோனாகவோ இருக்கும். ராத்திரியே காய்ச்சல் விடும், உடம்பு வலி பறந்துவிடும். மூன்றாம் நாள் மருந்து தீரும்போது மூச்சு வாங்க ஆரம்பிக்கும். என்னிடம் வருவது ஐந்தாம் நாள்.

அந்த அம்மாவுக்கும் அதுதான் நடந்திருந்தது. முதல் நாளே பக்கத்து ஊரில் ஊசி போட்டிருக்கிறார்கள். "ஒரே ஊசில ஜுரம் விட்டுச்சு, அதான் மறுநா நடவுக்குப் போயிட்டாங்க" என்றார் மகன். தேவைப்படாத நாளில், ஆன்டிபயாட்டிக் இல்லாமல், கூலிக்குப் பயந்து போட்ட ஸ்டீராய்டு, தேவைப்படும் நாளுக்கு வரும் பாதையை மூன்று நாள் மறைத்துவிட்டது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டில் அந்த ஊசி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கோபமாக இல்லாமல், ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: பொட்டலத்தில் உள்ள மாத்திரையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டாலும் மூச்சை எண்ணுங்கள். படுத்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால் அன்றே வாருங்கள்.

ஸ்டீராய்டு போடலாம் என்று மருத்துவர் சொல்லும்போது வீட்டார் கேட்க வேண்டியதும் அதிகம் இல்லை. ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது, எதற்காக இப்போது போடுகிறீர்கள், என்ன மருந்து எத்தனை நாள், சர்க்கரை எந்தெந்த நேரம் பார்ப்பீர்கள், காசநோய்க்குச் சளி அனுப்பியாயிற்றா. பதில் சொல்ல எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிக்க மாட்டார். நிறுத்தும் தேதி சீட்டில் இருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்கி, மாதக்கணக்கில் சாப்பிட்டு முகம் உப்பி வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த மகன் சம்மதித்தார். மாலை 6.40க்கு முதல் டோஸ். 7.15க்கு 108 கிளம்பியது. தஞ்சாவூரில் இரண்டு நாள் மூக்கில் அதிவேக ஆக்சிஜன், குழாய் போட வேண்டியிருக்கவில்லை. சளியில் காசநோய் இல்லை என்று வந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் எட்டாம் நாள் நின்றது.

பன்னிரண்டாம் நாள் இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். மகன் சர்க்கரைக் கணக்கை ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார்: மூன்றாம் நாள் மதியம் 318, ஐந்தாம் நாள் 260, பத்தாம் நாள் 164. மருந்துப் பையைக் கொட்டி எண்ணினேன். அதில் ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் இல்லை. கால் விரல் இடுக்குப் புண் ஆறி வெளுத்திருந்தது. "களை எடுக்க எப்ப போலாம் டாக்டரம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். தை பிறக்கட்டும் என்றேன். "அதுக்குள்ள அறுப்பே வந்துருமே" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார்.